எழுத்து வருமா?

முன்பக்கத்தை அவள் பார்ப்பதே இல்லை. கதாநாயகன் துப்பாக்கியோடு நிற்கட்டும், கதாநாயகி மழையில் நனையட்டும், 'புத்தம் புதிய ஃபோர்-கே தெளிவில்' என்று தங்க நிறத்தில் கொட்டை எழுத்து மின்னட்டும். டிஸ்க் பெட்டி கைக்கு வந்த மறு நொடி மைக் அக்கா அதைக் குப்புறக் கவிழ்த்துவிடுவாள். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, பெட்டியின் பின்புறத்தை முகத்தோடு ஒட்டி, அடியில் எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கும் பொடி எழுத்துகளின் மேல் விரலை ஓட்டுவாள். கடைக்காரன் பொறுமைசாலிதான்.

"அக்கா, பழசைவிட நாலு மடங்கு தெளிவு. ஆளு நேர்ல வந்து நிக்கிற மாதிரியே இருக்கும்."

"நிக்கட்டும். எழுத்து வருமா?"

எழுத்து என்று அவள் சொல்வது, திரையின் அடியில் ஓடும் வசன வரிகளை. வேற்று மொழியில் போட்டிருந்தால் அது அவள் கணக்கில் சேராது. படத்தில் பேசுகிற அதே மொழியில், பேசுகிறது பேசுகிறபடியே வரவேண்டும். இல்லை என்று தெரிந்தால் பெட்டியை வந்த இடத்திலேயே வைப்பாள், ஆனால் கவிழ்த்துத்தான் வைப்பாள். அவள் படியிறங்கிய பிறகு கடைக்காரன் எழுந்துபோய் அத்தனை கதாநாயகர்களையும் நிமிர்த்தி வைப்பான்.

பேருந்து நிலையத்தில் அறிவிப்புச் சொல்வது அவள் வேலை. நேரக் காப்பாளர் அறைக்கும் சாமான் வைக்கும் அறைக்கும் நடுவே, மூன்று பக்கமும் கண்ணாடி போட்ட சின்ன அறை அவளுடையது. "பயணிகளின் கனிவான கவனத்திற்கு" என்று அவள் ஆரம்பித்தால் அதில் கனிவைவிட அதட்டல்தான் அதிகம் இருக்கும். பாதி டீயோடு உட்கார்ந்திருக்கும் ஓட்டுநர் டம்ளரை அப்படியே வைத்துவிட்டு எழுந்திருப்பார். கூட்டத்தில் தொலைந்துபோன பிள்ளைகள், அந்தக் குரல் தங்கள் சட்டை நிறத்தைச் சொல்வதைக் கேட்டதும் அழுகையை நிறுத்திவிட்டு ஒலிபெருக்கியை அண்ணாந்து பார்க்கும். நல்ல வெயிலிலும் கழுத்தில் கம்பளித் துண்டு சுற்றியிருப்பாள். பிளாஸ்கில் வெந்நீர். யாராவது குளிர்பானத்தை நீட்டினால், "என் தொண்டை கட்டிக்கிச்சுன்னா ஊரே பஸ்ஸை விட்டுடும்" என்பாள். அதில் பெருமையும் உண்டு, கொஞ்சம் உண்மையும் உண்டு.

அந்த ஊரில் அவள் குரலைக் கேட்காத ஒரே ஆள் அவளுடைய கணவர்தான்.

நெசவாலையில் தறிக்கூடத்தில் வேலை பார்த்தவர். காது ஒரே நாளில் போகவில்லை. மகள் சின்னப் பெண்ணாக இருந்தபோது அவளுடைய கீச்சுக் குரல் முதலில் போனது. பிறகு கடிகாரம், பிறகு குழாயில் தண்ணீர் சொட்டுவது. மகளுக்குக் கல்யாணமான சமயத்தில் எல்லாமே போய்விட்டது. காதுக் கருவி வாங்கி மாட்டிப் பார்த்தார்கள். ஒரு வாரம் வைத்திருந்துவிட்டுக் கழற்றிக் கொடுத்தார். "இதுல பேச்சு வரலம்மா. தறிதான் திரும்பி வருது" என்றார். வீட்டில் அவரைக் கூப்பிட அக்கா தரையில் காலால் தட்டுவாள். அதிர்வு தெரிந்து திரும்புவார். அவர் எதிரில் வந்து நிற்காமல் அவள் ஒரு வார்த்தை பேசமாட்டாள். அவள் உதடு அவருக்கு அத்துப்படி. மற்றவர்கள் பேசினால் பாதி புரியும், மீதியைச் சிரித்துச் சமாளிப்பார்.

படத்தில் வருகிறவர்களோ முதுகைக் காட்டிக்கொண்டு பேசுகிறார்கள். மீசைக்குள்ளேயே பேசுகிறார்கள். இருட்டில் பேசுகிறார்கள். கேசட் காலத்தில் சண்டைக் காட்சிகளை மட்டும் உட்கார்ந்து பார்ப்பார். பேச்சு ஆரம்பித்தால் எழுந்துபோய்த் தொட்டிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவார். குடும்பக் கதை என்றால் செடிகள் அழுகிப்போகும் அளவுக்கு ஊற்றுவார். அவள் மட்டும் தனியாகப் பார்ப்பாள். சிரிப்பு வந்தால் அடக்கிக்கொள்வாள்.

ஆகவே, புதுசைக் கண்டால் முகம் சுளிக்கிற ரகம் அவள் இல்லை. டிவிடி வந்தபோது தெருவிலேயே முதலில் வாங்கியது அவள்தான். ஒரு நாள் ரிமோட்டில் ஏதோ ஒரு பொத்தான் தவறி அழுந்திவிட்டது. திரையின் அடியில் வெள்ளை வெள்ளையாக வார்த்தைகள் வந்தன. அது ஒரு பழைய சிரிப்புப் படம். வக்கீல் ஒருவர், சொந்த மாமியாருக்கு எதிராகவே வழக்காடுவார். செடிக்கு ஊற்றத் தண்ணீர்க் குவளையோடு எழுந்த கணவர் அப்படியே நின்று படித்தார். உட்கார்ந்தார். தன் குரல் எவ்வளவு உயரமாகப் போகிறது என்று தெரியாமல், ஒவ்வொரு வரியையும் உரக்க வாசித்தார். வரிகள் நடிகர் வாய் திறப்பதற்கு ஒரு கணம் முன்னாலேயே வந்துவிடும். அதனால் வக்கீல் அடிக்கும் ஒவ்வொரு நகைச்சுவைக்கும் அவர் முதலில் சிரித்தார்.

"எனக்கு முன்னாடி சிரிச்சுட்டார் அந்த மனுஷன்" என்று அக்கா இன்றைக்கும் நேரக் காப்பாளரிடம் சொல்வாள். "காது கேக்குற நான் பின்னாடி சிரிக்கிறேன். அதுதாங்க முன்னேத்தம். மத்ததெல்லாம் வெறும் மினுக்கு."

அந்த மினுக்கு வீட்டுக்குள் வந்தது மாப்பிள்ளை ரூபத்தில். மகளின் கணவர் நல்ல பிள்ளை. குறை சொல்ல ஒன்றும் இல்லை. மாமனார் ஆலையிலிருந்து ஓய்வு பெற்றபோது, சுவரின் பாதியை அடைக்கும் டிவியும் புதிய ஃபோர்-கே பிளேயரும் வாங்கிவந்து மாட்டினார். கூடவே அந்த வக்கீல் படத்தின் புதுப்பிக்கப்பட்ட பதிப்பு. மாமாவுக்குப் பிடித்த படம் என்று தேடி வாங்கியிருந்தார். பழைய டிஸ்க்குகளைக் கொடுத்தால் புதுசில் தள்ளுபடி என்று கடையில் சொன்னார்களாம். அக்கா வேலையில் இருந்தபோது வந்து, அலமாரியிலிருந்த டிவிடிகளை மூட்டை கட்டிக் கொண்டுபோய்க் கொடுத்தும்விட்டார். ஆச்சரியப்படுத்த வேண்டும் என்பது அவர் எண்ணம். ஆச்சரியப்படுத்தவும் செய்தார்.

சாயங்காலம் எல்லோரும் உட்கார்ந்து படத்தைப் போட்டார்கள். பழுப்பேறிக் கிடந்த நீதிமன்றம் பளபளவென்று இருந்தது. மாமியாரின் புடவைக் கரையில் இருந்த பூ வேலை முதல்முறையாகத் தெரிந்தது. வக்கீல் வாயைத் திறந்தார். கீழே எழுத்து வரவில்லை.

"மாப்பிள்ளை, எழுத்தைப் போடுங்க."

அவர் ரிமோட்டை எடுத்து நோண்டினார். பட்டியலில் இரண்டு வெளிநாட்டு மொழிகள் இருந்தன. மறுபடி மறுபடி தேடினார். "நம்ம மொழி இல்லையே அத்தை. ஆனா சத்தத்தைக் கேளுங்க, எட்டுப் பக்கமும் சுத்தி வருது" என்று சொல்லிவிட்டு, சொன்னது காதில் விழுந்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

கணவர் எழுந்துபோகவில்லை. பிள்ளை ஆசையாக வாங்கிவந்தது. முழங்கால் மேல் கையை வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்தவர்போல் கடைசிவரை பார்த்தார். நடுவில் ஒருமுறை மனைவி பக்கம் திரும்பி, "மூஞ்சில முடி ஒண்ணொண்ணும் தனித்தனியாத் தெரியுதும்மா" என்றார். குறையாகச் சொல்லவில்லை. ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டுமே என்று தேடிப்பிடித்துச் சொன்னார். அந்த ஒரு வாக்கியத்தை மைக் அக்காவால் இன்றுவரை செரிக்க முடியவில்லை.

மறுநாள் கடையில் போய் நின்றாள். பழைய டிஸ்க்குகளைத் திருப்பிக் கேட்டாள். "அதெல்லாம் லாரி ஏறிப் போயிடுச்சுக்கா. நொறுக்கித் தூளாக்கிடுவாங்க" என்றான் கடைக்காரன். சமாதானமாக இன்னொன்றும் சொன்னான்: "படம் நம்ம மொழிதானே, எழுத்து யாருக்குக்கா?"

"மொழி நம்மளுதுதான் தம்பி. காது நம்ம பேச்சைக் கேக்கலியே."

மாப்பிள்ளை பாவம், விடுமுறை நாளெல்லாம் பழைய கடைகளில் ஏறி இறங்கினார். அந்த வக்கீல் படத்தின் பழைய டிஸ்க் மட்டும் கிடைக்கவில்லை. அக்கா படத்தை வெளியிட்ட நிறுவனத்துக்கே போன் போட்டாள். 'உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியமானது' என்று பதிவு செய்த குரல் ஒன்று திரும்பத் திரும்பச் சொன்னது. தொழில்காரியாக அதில் ஒரு குறையும் கண்டுபிடித்தாள்: 'முக்கியமானது' என்ற சொல்லுக்கு முன்னால் அந்தப் பெண் மூச்சு வாங்குகிறாள். கடைசியில் ஒரு மனிதக் குரல் வந்தது.

"உங்க கோரிக்கையைப் பதிவு பண்ணிட்டேன் மேடம்."

"கோரிக்கை இல்லம்மா. புகார்."

"புகார்னு தனியா இல்ல மேடம். கோரிக்கைதான் இருக்கு."

சில நாளில் பதில் வந்தது. தங்கள் கருத்துக்கு நன்றி என்றும், புதிய பதிப்பில் ஒலித்தரம் பெரிதும் மேம்படுத்தப்பட்டிருக்கிறது என்றும், அதைக் குடும்பத்தோடு அனுபவிக்கும்படியும் எழுதியிருந்தது. அக்கா அதை நேரக் காப்பாளருக்கு வாசித்துக் காட்டினாள். அவர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. அன்று முழுக்க ஒவ்வொரு பேருந்தும் திட்டு வாங்கிக்கொண்டுதான் புறப்பட்டது.

இதோடு ஓய்ந்திருந்தால்கூட ஒருவேளை ஆறியிருப்பாள். மகள் வேறொரு ஃபோர்-கே டிஸ்க் அனுப்பினாள். வேறு நிறுவனம் வெளியிட்டது. ஒரு மலைக்கிராமத்து ஆசிரியையின் கதை. பின்புறம் பொடி எழுத்தில் 'செவித்திறன் குறைந்தோருக்கான வசன வரிகள்' என்று இருந்தது. அக்கா இரண்டுமுறை படித்துப் பார்த்துவிட்டுத்தான் உள்ளே போட்டாள். பேச்சு மட்டுமல்ல, ஓசைகளும் எழுத்தாக வந்தன. கதவு தட்டப்படுகிறது. தூரத்தில் நாய் குரைக்கிறது. எழுத்து அவ்வளவு கூர்மை. கண்ணாடி இல்லாமலே கணவர் படித்தார். ஓரிடத்தில் ஆசிரியை தனியாகப் படுத்திருக்கிறாள், யாரும் பேசவில்லை, கீழே வந்தது: கூரையில் மழை விழும் ஓசை.

அவர் அந்த வரியை உரக்க வாசித்தார். "ஆமால்ல" என்றார். "மழைக்குச் சத்தம் உண்டுல்ல."

அக்கா சமையலறைக்குப் போய்ப் பாத்திரங்களைப் போட்டு உருட்டினாள். வந்து மாப்பிள்ளைக்குப் போன் செய்தாள்.

"ஏன் மாப்பிள்ளை, அந்த வக்கீல் பட டிஸ்க்குல எழுத்துக்கு இடம் இல்லாமத்தான் விட்டுட்டாங்களோ?"

"இடமா? எழுத்துக்கு இடமே பிடிக்காது அத்தை. ஒரு நூலகத்தையே அதுல வைக்கலாம்."

"முடியலேன்னா விட்டுடலாம் மாப்பிள்ளை. மிஷினுக்கு அவ்வளவுதான் வருதுன்னா விட்டுடலாம். முடியுது. முடிஞ்சும் செய்யல. முடிக்கு முடி தனியாக் காட்டத் தெரிஞ்சவனுக்கு நாலு வரி போட மனசில்ல."

"ஆமா அத்தை" என்றார் மாப்பிள்ளை.

பேருந்துகளுக்கு நடுவே விளம்பரம் வாசிப்பதும் அவள் வேலையில் சேர்த்தி. தைலம், துணிக்கடை, பல்பொடி எல்லாம் வாசித்திருக்கிறாள். பல்பொடியைக்கூடப் பேருந்து புறப்படுவதுபோலத்தான் அறிவிப்பாள். போன வாரம் நிலைய மேலாளர் புதிதாக ஒரு தாளைக் கொண்டுவந்து கொடுத்தார். வக்கீல் படத்தை வெளியிட்ட அதே நிறுவனம், அந்தப் படமும் சேர்ந்த புதுப்பிக்கப்பட்ட படங்களின் வரிசை. 'ஒரு சொல்லும் தவறாமல், உங்கள் குடும்பத்தில் ஒவ்வொருவரும் கண்டு மகிழ' என்று ஆரம்பித்தது.

அவள் தாளை நீட்டினாள். "இதை வேற யாராவது படிக்கட்டும் சார்."

"வேற யாரு இருக்கா? ஒப்பந்தம் போட்டாச்சுக்கா."

"ஒவ்வொருவரும்னு போட்டிருக்கான் சார். பொய்."

"விளம்பரத்தைப் படிக்கச் சொன்னேன், விசாரிக்கச் சொல்லல. ஏற்கெனவே மேல மிஷின் குரல் வைக்கலாம்னு பேசிட்டு இருக்காங்க. நீங்களே அதுக்கு வழி பண்ணிக் கொடுத்துடாதீங்க."

அவர் சொன்னது மிரட்டல் அல்ல, நடப்பு. அவளுக்கும் அது தெரியும். கணவரின் ஓய்வூதியத்தை மட்டும் வைத்து வீடு ஓடாது என்பதும் தெரியும். நீட்டிய தாளை மேசைமேல் வைத்தாள். "சரி சார். ஒரு வரி விடாம வாசிக்கிறேன்" என்றாள். மேலாளர் நிம்மதியாகத் தன் அறைக்குப் போனார்.

கிழக்குப் பக்கப் பேருந்து போனதும் அவள் வெந்நீரில் ஒரு மிடறு குடித்தாள். கம்பளித் துண்டைத் தளர்த்திக்கொண்டாள். தாளை நேராகப் பிடித்து, இடது கை ஆள்காட்டி விரலால் மைக்கின் சுவிட்சை அணைத்து, விரலை எடுக்காமல் வாசிக்கத் தொடங்கினாள். நிறுத்த வேண்டிய இடத்தில் நிறுத்தி, ஏற்ற வேண்டிய இடத்தில் ஏற்றி, தொழில் சுத்தத்தில் ஒரு குறையும் இல்லை. கண்ணாடிக்கு வெளியே பெஞ்சில் இருந்தவர்கள் அவள் வாய் அசைவதைப் பார்த்தார்கள், ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள். பையை மடியில் வைத்திருந்த ஒருவர் பக்கத்திலிருந்தவரிடம், "என்னங்க சொல்றாங்க?" என்று கேட்டார். அவர் உதட்டைப் பிதுக்கினார். இன்னொருவர் எழுந்து கண்ணாடிக்கு அருகில் வந்து நின்றார். கூட்டம் சேர்வதைக் கண்டு மேலாளர் ஓடிவந்தார். கண்ணாடியைத் தட்டி, தன் காதைச் சுட்டிக்காட்டி, ஒன்றுமே கேட்கவில்லை என்று இரண்டு கைகளையும் விரித்தார்.

மைக் அக்கா அவரைப் பார்த்து மரியாதையாகத் தலையசைத்தாள். சுவிட்சின் மேல் விரலை இன்னும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு, அடுத்த வரியை வாசித்தாள்.