சோமாலியாவின் ஒன்பதாம் நம்பர்

வெக்ஸ்போர்டில் பஸ் வர நேரமிருப்பதால் ஒரு கோப்பிக் கடைக்குள் நுழைகிறேன். தொலைக்காட்சியில் சோமாலியா இரண்டு கோல் பின்தங்கி ஆடுகிறது. அந்நாட்டின் நீலக்கொடியைப் போர்த்திய ஒரு பெண் உட்காராமல் பார்க்கிறார்.

“அவ ஹலீமா. அவவின்ர மகன்தான் உந்த ஒன்பதாம் நம்பர்,” என்கிறார் கடை நடத்தும் யாழ்ப்பாணத்து அன்ரி. “இஞ்ச பிறந்தவன். சண்டையால அந்த ரீம் கனகாலம் சொந்த மண்ணில விளையாடேல்லை. அது தெரிஞ்சும் அவையளுக்கு விளையாடப் போனவன்.”

அப்போதே அவன் கோலடிக்கிறான். வர்ணனையாளர் “சோமாலியா!” என்று தொண்டை கிழியக் கத்துகிறார். ஆனாலும் ஆட்டம் தோல்வியில் முடிகிறது.

“கவலையா?” என்று ஹலீமாவிடம் ஆங்கிலத்தில் கேட்கிறேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரிக்கிறார். “எங்கள் நாட்டின் பெயரைச் செய்தியில் எத்தனையோ முறை கேட்டிருப்பீர்கள். இவ்வளவு சந்தோஷமாக யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா?”