நாற்பது நிமிடத்துப் படம்

கலைப்பிரியாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. திண்டிவனத்தில் பாசஞ்சர் ரயில் ஏறினால் விழுப்புரத்தில் இறங்குவதற்குள் மூன்று முறை இடம் மாறி உட்காருவாள். விழுப்புரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் அவளுக்கு வேலை. அங்கேயும் மெஷின் ஒரு சுற்று சுற்றி முடிப்பதற்குள் நாலு வேலையைத் தொட்டுவிடுவாள். கெட்டிக்காரிதான், குறை சொல்ல முடியாது. ஆனால் எதையாவது கடைசிவரை இருந்து பார் என்றால் உடம்பெல்லாம் நமநமவென்று வந்துவிடும்.

இப்படிப்பட்டவள்தான் என்ன படிக்கலாம், என்ன பார்க்கலாம், என்ன கேட்கலாம் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். தினமும் அந்த ரயிலில் போய்வருகிற நூற்றுச் சொச்சம் பேருக்கு ஒரு வாட்ஸ்அப் குழு உண்டு. ரயில் எவ்வளவு லேட் என்று கேட்டுக்கொள்ள ஆரம்பித்த குழு. அதில் இரண்டு வருடமாக, ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு புத்தகம், ஒரு படம், ஒரு பாட்டு என்று மூன்றைப் போடுவாள். எழுதுவதும் நன்றாகத்தான் எழுதுவாள். மழை பெய்யும்போது சூடான டீயோடு படியுங்கள் என்று எழுதினால், வெயிலிலேயே பாதிப் பேர் டீ போட எழுந்துவிடுவார்கள்.

ஒரு விஷயம் மட்டும் யாருக்கும் தெரியாது. படங்களையெல்லாம் அவள் ரயிலில்தான் பார்த்தாள். போகும்போது நாற்பது நிமிடம். முண்டியம்பாக்கம் தாண்டினால் போன் பைக்குள் போய்விடும். திரும்பி வரும்போது வேறு படம். முதல் படத்தின் மிச்சம்? அதுதான் போக்கு தெரிந்துவிட்டதே, மிச்சம் எதற்கு. புத்தகம் என்றால் முப்பது பக்கம், பாட்டு என்றால் ஒரு சரணம். 'கடைசியில அழுதுட்டேன் மேடம்' என்று யாராவது எழுதினால், 'எனக்கும் அதே' என்று பதில் போடுவாள். கொஞ்சம்கூடக் கூச்சம் இருந்ததில்லை.

அவள் சொன்னதையெல்லாம் ஒன்று விடாமல் பார்த்தவர் பல்கீஸ் பீவி. விழுப்புரத்தில் டீச்சர், ரயிலில் கலைப்பிரியாவுக்குப் பக்கத்து இடம். அவர் மச்சான் என்று கூப்பிடுகிற வீட்டுக்காரர் நிஜாமுதீனுக்குப் பன்னிரண்டு வருடமாக ஷார்ஜாவில் வேலை. வருடத்துக்கு ஒரு மாதம் ஊர், மற்றதெல்லாம் போன். கலைப்பிரியா சொல்கிற படத்தை அவர் அங்கேயும் இவர் இங்கேயும் பார்த்துவிட்டு, மணிக்கணக்கில் அதைப் பற்றிப் பேசிக்கொள்வார்கள். "ஒன்னாலதான் கலை, எங்க ரெண்டு பேருக்கும் பேச விஷயம் இருக்குது" என்று பல்கீஸ் அடிக்கடி சொல்வார். கலைப்பிரியாவுக்கு அதைக் கேட்கப் பெருமையாக இருக்கும்.

போன மாதம் நிஜாமுதீன் லீவில் வந்திருந்தார். அவர் திரும்பிப் போக ஒரு வாரம் இருக்கும்போது கலைப்பிரியா போட்ட படம், வெளிநாட்டில் வேலை பார்க்கிற மாப்பிள்ளை ஒருவர் கல்யாணத்துக்கு ஊருக்கு வந்து படுகிற பாட்டைச் சொல்வது. சிரித்துச் சிரித்து அவளுக்கு விக்கல் எடுத்தது. 'வீட்டில் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பாருங்கள், மனசு லேசாகிவிடும்' என்று எழுதினாள். பல்கீஸ் உடனே பதில் போட்டார்: 'வெள்ளிக்கிழம ஜும்மா முடிஞ்சதும் கோட்டக்குப்பத்துல மாமியார் வீட்டுல குடும்பமே ஒக்காந்து பாக்கப் போறோம். மச்சான் ஞாயித்துக்கிழம கெளம்புறாங்க.' கலைப்பிரியா ஒரு சிவப்பு இதயத்தை அனுப்பிவைத்தாள்.

வெள்ளிக்கிழமை காலை ரயிலில் பல்கீஸ் இல்லை, லீவு. எதிரே மின்வாரியத்து மணிமாறன் வந்து உட்கார்ந்தார்.

"மேடம், அந்தப் படத்த நேத்துதான் பாத்தேன். குடும்பத்தோட பாருங்கன்னு எப்படிங்க சொன்னீங்க? அந்தாளு பொட்டியில வர்றப்ப என்னால தாங்க முடியல."

"எந்தப் பொட்டி?" என்று வாயை விட்டுவிட்டாள்.

"சவப்பொட்டிங்க. திரும்பிப் போன எடத்துலயே செத்துப்போயிடறாரே. நீங்க பாக்கலீங்களா?"

"ஆமாமா, பாத்தேன், பாத்தேன்."

லேபில் அவள் உட்காரவே இல்லை. பல்கீசுக்கு ஏழெட்டு முறை போன் அடித்தாள், சுவிட்ச் ஆஃப். மெசேஜ் ஒன்று அனுப்பிவைத்தால் போதும். 'அக்கா, அந்தப் படம் வேண்டாம்' என்று அடித்தாள். ஏன் என்று கேட்டால் என்ன சொல்வது? அழித்தாள். 'பிரிண்ட் சரியில்லை' என்று அடித்தாள், அதையும் அழித்தாள். வாசலுக்குப் போனாள், வந்தாள், ஊசி குத்தவேண்டிய கையை விட்டு மறு கையில் பஞ்சு வைத்துத் தேய்த்தாள். ஒரு வரி அனுப்ப ஒரு நிமிடம் ஆகாது. மானம் போய்விடுமே என்று பார்த்தாள், வேறு ஒன்றுமில்லை. கடைசியில் மணி இரண்டரைக்கு, 'அந்தப் படத்த இன்னைக்குப் பாக்காதீங்கக்கா' என்று அனுப்பினாள். ஐந்து மணிக்கு அதில் நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவள் குழுவில் எதுவும் போடவில்லை. திங்கட்கிழமை ரயிலில் பல்கீஸ் வந்து, எப்போதும்போலப் பக்கத்தில் உட்கார்ந்தார். முகம் வெளுத்திருந்தது. ரயில் புறப்படுவதற்குள் கலைப்பிரியா சொல்லிவிட்டாள்.

"அக்கா, நான் அந்தப் படத்த முழுசா பாக்கல. எதையுமே முழுசா பாத்ததில்ல."

பல்கீஸ் திட்டுவார் என்று காத்திருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"அப்ப மிச்சத்த நான் சொல்றேன். ஒக்காரு."

சொன்னார். ஒரு காட்சியை விடவில்லை. மாப்பிள்ளை விமானம் ஏறுவது, அங்கே போய் வேலைக்கு நிற்பது, பொண்டாட்டி மாசமாக இருப்பது போனில் தெரிவது. மயிலம் ஸ்டேஷன் போனது, பேரணி ஸ்டேஷன் போனது. கலைப்பிரியாவுக்குக் கால் குறுகுறுத்தது. எழுந்து கதவுப் பக்கம் போய் நிற்கலாமா என்று இருந்தது. கை தானாகப் போனைத் தேடியது. பல்கீஸ் பேச்சை நிறுத்தி, அந்தக் கை திரும்பி மடிக்கு வரும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். தள்ளிவிட்டு அடுத்ததுக்குப் போக வழியே இல்லை.

விக்கிரவாண்டியில் கூட்டம் ஏறியது. பல்கீஸ் குரலை உயர்த்தவில்லை.

"பொட்டிய வண்டியிலேந்து எறக்குறாங்க. அந்த எடத்துல எங்க மாமி எழுந்து போயி டிவி வயர புடுங்கிட்டாங்க. அதுக்கு மேல படத்துல என்னன்னு எனக்கும் தெரியாது. மச்சான் உள்ள போயி துணி அடுக்க ஆரம்பிச்சாங்க. ஏர்போர்ட்டுல வச்சிதான் சொன்னாங்க, இனிமே படம் கிடம்னு எதுவும் அனுப்பாத பல்கீஸுன்னு."

கலைப்பிரியா அசையவில்லை.

"நேத்து அங்க போயி எறங்கிட்டு போன் பண்ணாங்க. சாப்பிட்டியான்னு கேட்டாங்க. சாப்பிட்டேன்னு சொன்னேன். அப்புறம் என்ன பேசறதுன்னு ரெண்டு பேருக்கும் தெரியல கலை."