முட்டை நிற்காமல் வந்த வாரங்கள்

எங்கள் அப்பா எங்களைவிட்டுப் பிரிந்து ஓராண்டு நிறைகிறது. நினைவுத் திருப்பலிக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் என் வணக்கம். மூத்தவள் என்பதால் என்னை எழுதச் சொன்னார்கள். இரண்டு முறை எழுதிக் கிழித்துவிட்டேன். இதுவும் சரியாக வருகிறதா என்று தெரியவில்லை.

அப்பா மலைமேல் கரடியூரில், காப்பித் தோட்டத்தில் கூலி வேலை செய்தவர்களின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தம் தந்தையை இழந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டு எஸ்டேட்டில் மிளகு பறிக்கப் போனவர், கையெழுத்து அழகாக இருந்ததால் பிறகு அங்கேயே கணக்கு எழுதும் ரைட்டரானார். வெள்ளக்கடையிலிருந்து அம்மாவை மணந்து வந்து, வாழவந்தியில் வீடு கட்டினார். என்னையும் தம்பியையும் கல்லூரி வரை படிக்க வைத்தார். அவர் யாரிடமும் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை.

ஓய்வு பெற்ற பின் அவருடைய நாள் சிறுவிடை நாட்டுக் கோழிகளோடுதான் தொடங்கியது. விடிந்ததும் கூண்டைத் திறந்து, ஒவ்வொன்றும் வெளியே வரும் நடையைக் கவனிப்பார். கொண்டை வெளுத்திருக்கிறதா, எச்சம் நீர்த்திருக்கிறதா என்று பார்த்த பிறகே தம் காப்பியைக் குடிப்பார். கோழியைக் கையில் எடுத்து நெஞ்செலும்பைத் தடவுவார். எலும்பு கூராகத் தட்டுப்பட்டால், "இது வவுத்துக்குள்ள வேற யாரோ பந்தியில உக்காந்திருக்காங்க" என்பார். அடுப்புச் சாம்பலைக் குழியில் கொட்டி அவற்றைப் புரள விடுவார். இனம் கெட்டுவிடும் என்று கலப்புச் சேவல் எதையும் வாசலில் சேர்த்ததில்லை.

மழைக்காலம் முழுதும் ஈரமண்ணைக் கிளறித் தின்பதால் மலையில் கோழிகளுக்குக் குடற்புழு ஏறிவிடும். மழை விட்டு மண் காயத் தொடங்கியதும் அப்பா பூச்சி மருந்து கொடுப்பார். முந்தின மாலையே தண்ணீர்ச் சட்டிகளைக் கவிழ்த்து வைப்பார். காலையில் தாகத்தோடு வரும் கோழிகளுக்கு மருந்து கலந்த தண்ணீரை வைப்பார். விழும் எச்சத்தை வாரித் தீயிலிடுவார். அதற்குப் பின் ஒரு வாரம் பத்து நாள் முட்டைகளை யாரும் உண்ணக் கூடாது. குழி தோண்டிப் புதைத்துவிடுவார். சேலத்தில் குடியிருக்கும் எனக்கு, தூக்குப்போசியில் உடையாதபடி காப்பித் தொலி பரப்பி வாரந்தோறும் தம்பி கொண்டுவரும் முட்டைகளும் அந்நாட்களில் நின்றுவிடும்.

போன ஆண்டு மழை விட்ட பின்னும் முட்டை நிற்கவில்லை.

அப்போது என் மகளுக்கு ஒரு வயது. பால் கொடுத்துக்கொண்டிருந்தேன், மஞ்சள் கருவும் பழக்கிக்கொண்டிருந்தேன். போசியை வாங்கும்போது தம்பியிடம் கேட்டேன்.

"அப்பா எப்படிடா இருக்காரு?"

"அவருக்கென்னக்கா, சேவல்கூட மல்லுக்கட்டிக்கிட்டு நல்லாத்தான் இருக்காரு. பேத்திக்கு முட்டை பத்தலைன்னா கோழிகளுக்கு லீவே கெடையாதுங்கறாரு."

சிரித்துவிட்டேன். அவன் போன பிறகு, மருந்து கலந்த முட்டையோ என்று பயம் வந்தது. அம்மாவிடம் தொலைபேசியில் பேசினேன்.

"ஏனுங்கம்மா, இன்னும் பூச்சி மருந்து குடுக்கலீங்களா?"

"அதெல்லாம் குடுத்தாச்சு கண்ணு."

"அப்பறம் முட்டை எப்படி வருது?"

"அது... முன்னாடியே எடுத்து வெச்சது."

அப்பாவிடம் கொடுக்கச் சொன்னேன். எஸ்டேட் பக்கம் போயிருக்கிறார் என்றார் அம்மா. அன்று மாலை அப்பாவே கூப்பிட்டார். குரல் அடைத்திருந்தது. சளி என்றார். மகள் நடக்கிறாளா என்று கேட்டார். நான் முட்டையைப் பற்றியே கேட்டேன்.

"இல்ல சாமி, மருந்து எதும் குடுக்கல. நல்ல முட்டை. தைரியமாப் புள்ளைக்குக் குடு."

இருவரில் ஒருவர் பொய் சொல்கிறார் என்பது எனக்குப் புரிந்தது. எதைப் பற்றிய பொய் என்பதுதான் புரியவில்லை. முட்டைகளைப் பிள்ளைக்குக் கொடுக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தேன். அப்பா அனுப்பியதையா சந்தேகிப்பது என்று வெளியே எடுத்தேன். மறுபடியும் உள்ளே வைத்தேன்.

அதற்கடுத்த வாரம் தம்பி வந்து வாசலிலேயே நின்றான்.

"புள்ளையத் தூக்கிக்கிட்டுக் கெளம்புக்கா. அப்பா இங்கதான் இருக்காரு."

"இங்கன்னா?"

"சேலத்துலதான். ஆஸ்பத்திரியில."

சிறுநீரகம் பழுதாகி அப்பா பல வாரங்களாக அங்கே இருந்திருக்கிறார். என் வீட்டிலிருந்து ஆட்டோவில் போகிற தூரம். அந்த வாரங்களில் தம்பி அவருடைய கட்டிலருகே இருந்துவிட்டுத்தான் என் வாசலுக்கு முட்டை கொண்டுவந்திருக்கிறான். நான் போய்ச் சேர்ந்தபோது அப்பாவின் வாயில் குழாய் இருந்தது. என்னைப் பார்த்தார். பேச முடியவில்லை. மறுநாள் காலமானார்.

"அவருதான் கண்ணு சொல்ல வேண்டாம்னாரு. பயந்துக்குவா, பாலு வத்திரும்னாரு" என்றார் அம்மா.

சித்தி குறுக்கிட்டார்: "முட்டைக்கே அத்தனை கேள்வி கேக்கற ஆளு நீயி. இதைச் சொல்லியிருந்தா ஆஸ்பத்திரியவே ரெண்டு பண்ணியிருக்க மாட்டியா?"

இருக்கலாம். அழுதிருப்பேன், டாக்டரை நச்சரித்திருப்பேன். ஆனால் அப்பாவின் அருகில் இருந்திருப்பேன்.

அடக்கம் முடிந்து வாழவந்தி வீடு திரும்பியதும் ஒரு கோழியைத் தூக்கித் தடவினேன். நெஞ்செலும்பு கூராக இருந்தது. அந்த மழைக்கு மருந்து கொடுக்க அப்பா வீட்டிலேயே இல்லை. மருந்து கொடுத்தாயிற்றா என்ற கேள்விக்கு எனக்கு உண்மையான பதில் சொன்னவர் அவர் மட்டும்தான். அவரும் தாம் எங்கிருந்து பேசுகிறார் என்பதைச் சொல்லவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் தம்பி வாசித்தான். "இத்தனையும் போடோணுமாக்கா?" என்றான். போட வேண்டும் என்றேன்.

இனி நன்றி கூற வேண்டும். அப்பாவைக் கவனித்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், முறை வைத்துக் கட்டிலருகே இருந்தவர்களுக்கும், கஞ்சி கொண்டுவந்தவர்களுக்கும், மருத்துவமனைக்கே வந்து ஜெபித்தவர்களுக்கும், எங்கள் வீட்டு ஆடு கோழிகளுக்குத் தீனி போட்டவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் மனமார்ந்த நன்றி. இதை வாசிக்கும் உங்களில் பெரும்பாலோர் அந்த வாரங்களில் அவரைப் பார்த்தவர்கள். அவரோடு பேசியவர்கள். நான் இல்லை.

அந்த நன்றியோடு ஒன்று கேட்கிறேன். திருப்பலி முடிந்து சாப்பிட்டதும் கிளம்பிவிடாதீர்கள். அப்பா உங்களிடம் என்ன பேசினார் என்பதை வந்து சொல்லிவிட்டுப் போங்கள். வலியில் கத்தியிருந்தால் அதையும் சொல்லுங்கள். நான் பயந்துவிடுவேன் என்று எதையும் விட்டுவிட வேண்டாம்.