குப்பைப் பட்டியலில் சேராத கல்

என் நாத்தனாருக்குச் சமைக்க வராது. துணி மடிக்கச் சொன்னால் சுருட்டி வைப்பாள். ஆனால் வானத்தைப் படம் பிடிக்கும் ஆபீசில், படத்தில் நகரும் புள்ளியை அளந்து சொல்வதில் அவளை அடிக்க ஆளில்லை. இருபத்திரண்டு வருஷமாக அதே நாற்காலி.

எங்கோ போகிற கல் ஒன்று எப்போதாவது பூமியின் பிடியில் மாட்டிக்கொண்டு, சில மாதம் நம்மைச் சுற்றிவிட்டுப் போய்விடுமாம். விருந்தாளி நிலா. அப்படி ஒன்று இவள் கண்ணில் பட்டது. ஆனால் அந்த ஆபீசில் ஒரு வழக்கம். பூமியைச் சுற்றும் புதுப் புள்ளி எதுவானாலும், பழைய ராக்கெட் ஓடு என்று குப்பைப் பட்டியலில் தள்ளிவிடுவார்கள். அப்புறம் யாரும் அதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. பட்டியலில் கையெழுத்துப் போட வேண்டியவள் இவள். மாட்டேன் என்றுவிட்டாள்.

அதிகாரி வீட்டுக்கே போன் போட்டார்.

"ஏம்மா, பத்துல ஒம்பது ஓடுதான். எதுக்கு இந்த வீம்பு?"

"பத்தாவது இதுவா இருந்தா, சார்? அடுத்த மாசம் கெளம்பிடும். அப்புறம் கூப்பிட்டா வராது."

"குப்பைக்கு டெலஸ்கோப் நேரம் தர முடியாது."

"விடியறப்ப பத்து நிமிஷம் சும்மாதான கெடக்கு? அதக் குடுங்க."

காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்: "தப்பாப் போச்சுன்னா?"

"இத்தன வருஷமா என் அளவ நம்புனாங்க அண்ணி. இனிமே நம்ப மாட்டாங்க."

காலி ஓடு லேசு. வெயிலுக்கும் தள்ளும் பலம் உண்டாம்; அது தள்ளியே கொஞ்சம் கொஞ்சமாக வழி விலகிவிடும். கல் அப்படி விலகாது. கடைசியில் அந்தப் பத்து நிமிஷத்தை அதிகாரி தந்தார். ஓடாக இருந்தால் இருபதாம் நாள் புள்ளி எங்கே நிற்கும் என்று வரைபடத்தில் ஒரு குறி போட்டார். கல் என்று வைத்து இவள் தள்ளி வேறொன்று போட்டாள். விடியலில் எடுத்த படத்தைக் காலையில் போய் அளப்பாள், கம்ப்யூட்டரை நம்பாமல் கையால் மூன்று தடவை. காய்ச்சலோடும் போனாள். திட்டித் தீர்த்தேன். காதில் வாங்கினால்தானே!

இருபதாம் நாள் சாயங்காலம் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து உட்கார்ந்தாள்.

"என்னடி ஆச்சு?"

"என் குறி மேலயே நிக்குது அண்ணி. கல்லுதான். பெரிய டெலஸ்கோப்பையே அது பக்கம் திருப்பச் சொல்லிட்டாரு சார்."

"ஜெயிச்சுட்டு வந்த மூஞ்சியாடி இது?"

"பசிக்குது."

என் வாயிலிருந்து யாரைப் பற்றியும் நல்ல வார்த்தை வருவது அபூர்வம். "கெட்டிக்காரிடி நீ" என்று சொல்லித் திரும்பினால், சோற்றில் கை வைத்தபடியே தூங்கியிருந்தாள். எழுப்பவில்லை, தட்டை மட்டும் மெல்ல இழுத்துக்கொண்டேன்.