கம்பியைத் தாழ்த்திய மாதங்கள்

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. ஒருவருக்குப் பெரிய நோய் வருத்தம் வந்துவிட்டால், அது அவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் தெரிந்திருக்கும். லண்டன் கோலியர்ஸ் வுட்டில் மரக்கறிக் கடைக்காரருக்குத் தெரியும். கோயிலில் சுண்டல் கொடுக்கும் அம்மாவுக்குத் தெரியும். நோயாளிக்கு மட்டும் நரம்புத் தளர்ச்சி என்று சொல்லி வைத்திருப்போம். இதை அன்பு என்று நம்பித்தான் செய்கிறோம். நானும் செய்தேன்.

அண்ணன் பாரிசிலிருந்து லண்டனுக்கு வந்து ஐந்து வருடம்தான் ஆகியிருந்தது. அங்கே இருபத்தைந்து வருடம் உணவகச் சமையலறையில் நின்றவர். சனி ஞாயிறுகளில் எங்கள் ஆட்களின் கலியாண மண்டபங்களில் கிற்றார் வாசித்தவர். பிரெஞ்சு அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆங்கிலம் கடைக்குப் போய்வரும் அளவுக்குத்தான். அதனால், அவருடைய இடது கை விரல்கள் ஏன் சோர்ந்துபோகின்றன என்று பார்க்கும் சோதனைகள் எல்லாம் முடிந்து, மாசி மாதத்தில் பெரிய டொக்டர் கூப்பிட்டபோது நானும் கூடப் போனேன். மொழிபெயர்ப்பாளர் போனில் வர நேரமாகும் என்றார்கள்.

"தம்பி நிக்கிறான்தானே, அவன் சொல்லுவான்" என்றார் அண்ணன்.

டொக்டர் நிதானமாகச் சொன்னார். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய். மருந்து இல்லை. முதலில் கை, பிறகு கால், பிறகு பேச்சு, கடைசியில் மூச்சு. கையால் செய்ய விரும்பும் வேலை ஏதாவது இருந்தால் தள்ளிப்போட வேண்டாம், இப்போதே செய்யச் சொல்லுங்கள் என்றார்.

"என்னவாம்?" என்று அண்ணன் என்னைப் பார்த்தார்.

அதற்கு முதல்நாள் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெட்டதாச் சொன்னா அவருக்குச் சொல்லாதேங்கோ தம்பி, மனம் விட்டிடுவார்" என்று அழுதிருந்தாள். "நரம்புத் தளர்ச்சியாம் அண்ணை. நல்லாச் சாப்பிட்டு ஓய்வெடுத்தா மெல்ல மெல்லச் சரிவருமாம்" என்றேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டீர்களா என்று டொக்டர் கேட்டார். ஓம் என்று தலையாட்டினேன்.

கையால் செய்ய வேண்டிய வேலை அண்ணனுக்கு ஒன்று இருந்தது. பன்னிரண்டு மெட்டுகள். மண்டபங்களில் வாசித்த சினிமாப் பாட்டுகள் அல்ல, அவரே உண்டாக்கியவை. சொல்லும் இல்லை, பெயரும் இல்லை. சுரம் எழுதவும் அவருக்குத் தெரியாது. ஒரு நாள் எல்லாவற்றையும் ஒலிப்பதிவு செய்து வைக்கவேண்டும் என்று வருடக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தார். "நான் எண்டு சொல்லிக் கிடக்கிறது இது மட்டும்தான்" என்பார்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை கிற்றாரை என்னிடம் நீட்டினார். "கம்பி எழும்பியிட்டுது தம்பி. அழுத்த ஏலாமல் கிடக்கு. கொஞ்சம் பதிச்சு இறக்கி விடு."

உள்ளே கூடான பெரிய வயிற்றுக் கிற்றார் அது. கம்பிகளைத் தாங்கும் பிரிட்ஜை அதில் ஒட்டுவதில்லை; கம்பிகளின் அழுத்தத்தில் மட்டும் நிற்கும். அதன் இரு பக்கமும் சின்னப் பித்தளைச் சில்லுகள். கம்பிகளைக் கொஞ்சம் தளர்த்திவிட்டுச் சில்லைச் சுற்றினால் பிரிட்ஜ் இறங்கும். அதோடு கம்பிகளும் இறங்கும். அண்ணன் வாசிப்பாரே ஒழிய இந்த வேலையெல்லாம் தொடமாட்டார். பாரிசில் அவருடைய கூட்டாளி ஒருவர் செய்து கொடுப்பார். இங்கே நான்தான். நான் வீடுகளுக்குச் சூடேற்றும் பொயிலர் பூட்டுகிறவன், வீடியோ பார்த்துப் பழகியிருந்தேன்.

இரும்பு அளவுகோலை வைத்து அளந்தேன். கம்பிகள் இருக்கவேண்டிய உயரத்திலேயே இருந்தன. ஒரு மயிரளவுகூட எழும்பவில்லை.

உண்மையைச் சொல்ல அதைவிட நல்ல நேரம் எனக்குக் கிடைத்திருக்காது. நான் சொன்னது வேறு. "கிற்றார்ர கழுத்து வளைஞ்சிருக்கு அண்ணை. இந்த வீட்டு ஹீட்டர் சூட்டுக்கு மரம் நேரா நிக்காது." சூடு என் தொழில் என்பதால் அவர் அதை அப்படியே நம்பினார். சில்லை அரைச்சுற்றுச் சுற்றினேன். அழுத்திப் பார்த்தார். "இப்ப சரி" என்றார். எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது.

இரண்டு மூன்று கிழமைக்கு ஒருமுறை கம்பி "எழும்பியது". நான் இறக்கினேன். ஒருமுறை கம்பிகளை அளவுக்கு மீறித் தளர்த்தியதில் பிரிட்ஜ் வழுக்கி இடம் மாறிவிட்டது. எந்தச் சுரமும் சுருதியில் நிற்கவில்லை. "பொயிலர் பூட்டுறவன்ர கையில குடுத்தா இப்பிடித்தான்" என்று அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். பிரிட்ஜைப் பழைய இடத்தில் நிறுத்த ஒரு பின்னேரம் முழுவதும் போனது.

வைகாசியில், அளவுக்கு மீறி இறங்கிய கம்பிகள் கழுத்தின் குறுக்கே பதித்த பிரெட்டுத் தகடுகளில் முட்டி இரையத் தொடங்கின. "மெட்டுகளை ஒண்டொண்டாப் போனில பதிவமே அண்ணை?" என்று கேட்டுப் பார்த்தேன். "இந்த இரைச்சலோடயோ? கிற்றார் சரிவரட்டும், பிறகு பன்னிரண்டையும் ஒரேயடியாப் பதிவம்" என்றார். கிற்றார் சரியாகத்தான் இருந்தது. அதைக் கெடுத்துக்கொண்டிருந்தவன் நான். அவர் அது சரிவரும்வரை காத்திருந்தார். கையில் கரண்டியோடு குசினி வாசலில் நின்ற அண்ணி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள், வேண்டாம் என்று. நான் மறுபடி சில்லைச் சுற்றினேன்.

ஆனியில் சில்லு அடியில் போய் முட்டிவிட்டது. இனி இறங்க இடமில்லை. அதையும் சொல்லவில்லை. சுற்றுவதுபோல விரலை அசைத்துவிட்டுக் கிற்றாரைக் கொடுத்தேன். அண்ணன் அழுத்திப் பார்த்தார்.

"கொஞ்சம் பரவாயில்லை" என்றார்.

ஆடியில் ஒரு நாள், யாருக்கும் சொல்லாமல், கிற்றாரைத் தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறி, டூட்டிங் பக்கம் வாத்தியங்கள் திருத்தும் ஒரு வெள்ளைக்காரரிடம் போயிருக்கிறார். நான் ஞாயிற்றுக்கிழமை போனபோது கிற்றார் கட்டிலில் கிடந்தது. பிரிட்ஜ் பழைய உயரத்தில் நின்றது. அண்ணி குசினியில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டபடி நின்றாள். பாத்திரம் எதையும் கழுவவில்லை.

"இரு" என்றார் அண்ணன். "அந்த மனிசன் கழுத்தில ஒரு நேர்த்தடியை வைச்சுக் காட்டினான். துளியும் வளையேல்லை. ஆர் கம்பியை இவ்வளவு பதிச்சது எண்டு கேட்டான். எனக்கு இங்கிலிசில சொல்லத் தெரியேல்லை."

கட்டிலில் கிடந்த கிற்றாரை ஒரு பக்கம் தள்ளி வைத்தார்.

"டொக்டர் அண்டைக்குச் சொன்னதை இப்ப சொல்லு. ஒண்டும் விடாமல்."

சொன்னேன். ஐந்து மாதம் வாய்க்குள் வைத்திருந்ததைச் சொல்லி முடிக்க இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. தள்ளிப்போட வேண்டாம், இப்போதே செய்யச் சொல்லுங்கள் என்ற கடைசி வரியையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"மாசியில என்ர கை பன்னிரண்டு மெட்டையும் பிடிச்சது தம்பி" என்றார். அவ்வளவுதான்.

பிறகு, "குரலும் போகுமோ?" என்று கேட்டார்.

"ஓம் அண்ணை."

"அப்ப போனை எடு."

கட்டிலில் நிமிர்ந்து உட்கார்ந்து, மெட்டுகளை வாயால் முனகத் தொடங்கினார். நான் பதிந்தேன். ஏழு மெட்டுகள் வந்தன. எட்டாவதைத் தொடங்கி நிறுத்தினார். மறுபடி தொடங்கி நிறுத்தினார். கிற்றாரை எடுத்து மடியில் வைத்து, இடது கையைத் தூக்கிக் கம்பிகளின் மேல் வைத்தார். விரல்கள் கம்பியில் கிடந்தன, அழுத்தவில்லை.

"நிப்பாட்டு" என்றார். "மிச்சம் ஐஞ்சும் எனக்குத் தெரியாது. கைக்குத்தான் தெரியும்."