பேசினால்தான் ஓடும்

தெருவில் அவருக்குக் கிளட்ச் என்று பெயர். கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பக்கத்து சீட்டில் உட்கார்ந்து அவர் போடும் "கிளட்ச்சு, கிளட்ச்சு" என்ற கூச்சல் தொட்டில் குழந்தைகளுக்கும் மனப்பாடம். தானே ஓட்டும்போதும் வாய் நிற்காது. முன்னால் போகும் லாரிக்காரனின் வம்சத்தை விசாரித்துக்கொண்டே கியர் மாற்றுவார். மாறியது வண்டிக்கே தெரியாது.

அதே மனிதர் டென்னிஸ் மைதானத்தில் கால் வைத்தால் ஊமை.

முறையாகக் கற்றதுதான் வினை. ஃபோர்ஹேண்ட் தேறிய பிறகு பேக்ஹேண்ட், அது தேறிய பிறகு சர்வ், கடைசியில் கால் நகர்த்தல். தனித்தனியாகப் பார்த்தால் படம் பிடித்து மாட்டலாம். ஆட்டம் என்று வந்துவிட்டால், பந்து வரும், இவர் குனிந்து பிடியைப் பார்ப்பார், பிறகு காலைத் திருப்புவார், பிறகு தோளை. எல்லாம் கூடிவந்து மட்டையை வீசும்போது பந்து பின்வேலியோரம் ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும்.

ஜோடியாக ஆடுபவர் மனைவி. கண் மருத்துவமனையில் நர்ஸ், சொன்னால் சொன்னதுதான். தோற்றுத் தோற்று அலுத்து, ஒரு ஞாயிறு காலை ஷூ லேஸைக் கட்டியபடி சொன்னார்:

"இன்னிக்கும் நட்டு வச்ச கம்பம் மாதிரி நின்னீங்கன்னா, அடுத்த வாரத்துல இருந்து நான் பல் டாக்டரோட ஆடிக்கிறேன்."

பல் டாக்டர் தெருமுனைக்காரர். சொந்தப் பல்லும் நன்றாகவே இருக்கும். கிளட்ச் நாக்கால் தன் பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

எதிரே மனைவியின் அண்ணனும் அண்ணியும். முதல் செட் போனது. அடுத்ததும் போகிற போக்கில் இருந்தபோது, மச்சான் சர்வ் போட்டுக்கொண்டே கேட்டார்:

"ஏன் மாப்ளே, நீ கத்துக்குடுத்த லட்சணம், எங்க வீட்டுக்காரி ரிவர்ஸ் எடுத்தா செவுத்தை முட்டாம நிக்கிறதில்லையே?"

தொழிலைத் தொட்டுவிட்டார்.

"அக்கா மேல தப்பில்ல மச்சான்." பந்தைத் திருப்பினார். "பக்கத்துல உக்காந்து ஸ்டியரிங்கைப் பிடிச்சு இழுக்கறது யாரு?" இந்த முறை பேக்ஹேண்ட். "கண்ணாடியைத் திருப்பி மீசையைப் பாக்கறது யாரு?" வலைக்கு ஓடிவந்து பந்தை மச்சானின் காலடியில் வைத்தார். "செவுரு என்ன பண்ணும், பாவம்."

"நல்லாக் கேளுங்க தம்பி," என்றார் எதிர்ப்பக்கத்து அண்ணி.

கிளட்ச் தன் கையைப் பெருமையாகப் பார்த்தார். வாய் மூடிக்கொண்டது. அடுத்த பந்து நேராக அவரிடமே வந்தது. குனிந்து பிடியைப் பார்த்தார். பந்து வேலிக்குப் போயிற்று.

கல்யாணமான நாளிலிருந்து "கொஞ்சம் வாயை மூடுங்க" என்பதை விதவிதமாகச் சொல்லிவந்த மனைவி, இடுப்பில் கைவைத்து யோசித்தார்.

"பேசுங்க," என்றார்.

"என்னத்தைப் பேச?"

"எங்க அண்ணனைப் பத்தித்தான். உங்களுக்கா விஷயம் இல்ல?"

விஷயம் இருந்தது. இரவல் போய்த் திரும்பாத ஏணிக்கு ஒரு ஃபோர்ஹேண்ட். கல்யாணப் போட்டோவில் குறுக்கே நின்றதற்கு ஒரு சர்வ். குறட்டைக்கு மட்டும் ஒரு முழு கேம். மூன்றாவது செட்டில் மச்சானின் பள்ளிக்கூட மார்க் வரை தோண்ட வேண்டியிருந்தது. ஜெயித்தார்கள்.

காரில் ஏறியதும் மனைவி சொன்னார்: "பல் டாக்டர் வேண்டாம். ஆனா காது வலிக்குது. வீடு வரைக்கும் மூச்சு விடக்கூடாது."

தலையாட்டினார். சிக்னலில் பச்சை விழுந்தது. கிளட்ச் குனிந்து தன் இடது காலைப் பார்த்தார். பிறகு கியரைப் பார்த்தார். வண்டி ஒரு குலுங்கு குலுங்கி அணைந்தது. பின்னால் ஹாரன்கள் கத்தின.

மனைவி ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"சரி, பேசித் தொலைங்க."