ட்வீட்டருக்கு வைத்த சந்தனம்

ஸ்பீக்கர் விற்கிறவனுக்குச் சொந்தக் காது இரண்டு போதாது. வருகிறவர் காதையும் சேர்த்துச் சுமக்க வேண்டும். சங்கரன்கோவிலில் எனக்கு அந்தப் பிழைப்புதான். பெரிய ஸ்பீக்கரைக் கூடத்துக்குள் கொண்டுவந்து வீட்டில் ஏச்சு வாங்கிய அன்பர்களே, நம் கஷ்டம் நமக்குத்தான் புரியும்.

உள்ளங்கையால் கேட்டவர்

கடைக்குள் பாட்டுக் கேட்க ஒரு சின்ன அறை உண்டு. கனத்த திரை, ஒரு சோபா. மத்தியான வெயிலிலிருந்து வந்து உட்காருகிறவர்கள் பாதிப் பாட்டிலேயே கண்ணை மூடிவிடுவார்கள். எந்த ஊரில் இருக்கிறோம் என்பது எனக்கே சில நேரம் மறந்துபோகும்.

விசைத்தறிக் கூடம் வைத்திருக்கும் மாடசாமி அண்ணாச்சி மட்டும் கண்ணை மூட மாட்டார். ஸ்பீக்கர் மேல் உள்ளங்கையை வைப்பார். பாதி ஆயுளைத் தறிச் சத்தத்துக்குள் கழித்தவர். அங்கே கோளாறைக் கையால் தொட்டுத்தான் கண்டுபிடிக்க முடியும். அவருக்கு ஒரே ஆசை. கல்யாணமான புதிதில் ரேடியோவில் கேட்ட வயலினை அதே இழைவோடு மறுபடி கேட்க வேண்டும். அதற்காகவே பழைய செட்டைக் கொடுத்துக் கொடுத்துப் புதிது வாங்கிக்கொண்டிருந்தார்.

"நல்லா அதிருது வே. ஆனா வயலினைக் காணோமே, எங்கன போச்சு?"

ஆயுத பூஜை

கடையிலேயே உசத்தியான, இடுப்பு உயர ஜோடியை அவர் வீட்டில் வைத்துவிட்டு வந்தேன். ஆயுத பூஜை முடிந்ததும் போன் வந்தது. வயலின் இன்னும் வரவில்லையாம். போய்ப் பார்த்தால், தறிக்குப் பூஜை போட்ட கையோடு ஸ்பீக்கருக்கும் போட்டிருக்கிறார். முன்துணியைக் கழற்றி, மெல்லிய ஒலியெல்லாம் பிறக்கும் அந்தக் குட்டி ட்வீட்டரின் நட்டநடுவில் சந்தனம், அதன்மேல் குங்குமம். காய்ந்து கட்டியாகியிருந்தது.

சிரிப்பை அடக்கிக்கொண்டு இரண்டு ட்வீட்டரையும் மாற்றிப் பாட்டைப் போட்டேன். வயலின் எழுந்து கூடமெங்கும் மிதந்தது. நான் கிறங்கிப்போனேன். பிச்சிப்பூக் கட்டிக்கொண்டிருந்த அவர் மனைவி, எங்கள் மதினி, கையை நிறுத்திவிட்டார். அண்ணாச்சி மட்டும் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மிருதங்கம் கேக்கு வே. வயலின் எப்ப வரும்?"

மாற்ற வேண்டியது

இன்னொரு ஜோடியை அவர் தலையில் கட்ட மனசு வரவில்லை. "இனி ஸ்பீக்கர்ல மாத்த ஒண்ணுமில்ல அண்ணாச்சி. ஒருதரம் காது டாக்டரைப் பாருங்க" என்றேன். அவர் முகம் சுண்டிப்போயிற்று. வாசல்வரைகூட வரவில்லை. நல்ல மனுஷரைப் பகைத்துக்கொண்டோமே என்று பல நாள் வருத்தமாக இருந்தது.

தை பிறந்தபின் கூப்பிட்டார். பயந்துகொண்டே போனேன். காதுக்குப் பின்னால் சின்ன மெஷின் இருந்தது. ஸ்பீக்கர் ஓடவில்லை. "வயலின் கேட்டீங்களா?" என்று ஆரம்பித்தவனைக் கைகாட்டி நிறுத்தினார். அடுப்படியில் மதினி பூக் கட்டியபடி மெல்லத் தன்பாட்டுக்குப் பாடிக்கொண்டிருந்தார். ஜன்னல் வெயிலும் பிச்சி வாசமும் அந்தக் குரலும் ஒன்றாகக் கலந்து வந்தன. அண்ணாச்சி கண்ணை மூடியிருந்தார். கண்ணோரம் ஈரமாக இருந்தது.

"சும்மா இரும் வே. இத்தனை வருஷமும் இவ பாடிக்கிட்டேல்லா இருந்திருக்கா!"

நான் விற்றதிலேயே உசத்தியான அந்த ஜோடியின் மேல் இப்போது மதினியின் பூக்கூடை இருக்கிறது, பாட்டு அடுப்படியிலிருந்து வருகிறது.